புதிய தோற்றம் பற்றி என் கருத்து

ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினேன்.
காலையில் எடுத்தால் காலண்டர்
முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு நிற்கிறது.
மூலைகளெல்லாம் மழுங்கிவிட்டன.
கோடுகளைக் காணோம்.
நாள்கள் வெள்ளையில் மிதக்கின்றன,
ஊறப்போட்ட ஜவ்வரிசி மாதிரி.

பரங்கிமலை ஸ்டேஷனில் பக்கத்தில் நின்ற பையன்
எட்டிப் பார்த்து, "செம க்ளீனா இருக்குக்கா" என்றான்.
கிளினிக்கில் ஜெர்லின், கண்ணுக்குக் குளிர்ச்சி என்றாள்.
கணக்குப் பார்க்கும் நமச்சிவாயம் சார்
ராகு காலம் எங்கே போச்சு என்று கேட்டார்.
அது எப்போதுமே இதில் இருந்ததில்லை சார்.
"இருந்திருந்தா இப்ப எடுத்திருப்பானுங்க."

என் புகார் வேறு.
மாதத்தைத் திறந்தால் முன்பு
கட்டத்துக்குள் பெயர் தெரியும்,
பாதிப் பெயராவது.
தண்ணி லா
இ.எம்
அம்மா தி
அந்தப் பாதியை வைத்தே மாதத்தை ஓட்டிவிடுவேன்.
இப்போது வெறும் புள்ளி.
லாரி வரும் நாளும் புள்ளி
வங்கி பிடுங்கும் நாளும் புள்ளி
அம்மா செத்த திதியும்
அதே அளவில், அதே வெளிர்நீலத்தில் ஒரு புள்ளி.
தொட்டால்தான் தெரிகிறது
எது கடிக்கும் என்று.

எங்கள் பிளாட்டுக்கு லாரி சொல்வது நான்தான்.
போன வெள்ளி தொட மறந்தேன்.
ஒன்பதாயிரம் லிட்டர்
கேட்டில் ஹாரன் அடித்துவிட்டு
ஆதம்பாக்கத்தை விட்டே போய்விட்டது.
நான்கு வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வைக்கு
இதை வரைந்தவன் வந்து பதில் சொல்வானா?

இன்னொன்றும் இருக்கிறது.
அப்டேட்டில் பழைய டிக் எல்லாம் மறுபடி விழுந்துவிட்டன.
நான் மறைத்து வைத்திருந்தவை
கதவைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தன.
என்றோ முடிந்த உலகக் கோப்பையின் அட்டவணை.
எந்த நாட்டு விடுமுறைகளோ.
அப்புறம், இளம்பரிதி.

குடும்பநல நீதிமன்றத்தில்
வளையல், வண்டி, வாஷிங் மெஷின்
ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டோம்.
காலண்டரைப் பிரித்துவிட
இரண்டு வக்கீல்களுக்கும் தோன்றவில்லை.
அப்போது அவன் பச்சை, நான் ஆரஞ்சு.
எங்கே மோதப்போகிறோம் என்று
தூரத்திலிருந்தே தெரியும்.
இப்போது இருவரும் ஒரே நீலம்.
செவ்வாய்க்கிழமைப் புள்ளியை
லாரி என்று நினைத்துத்தான் தொட்டேன்.

நீச்சல். காலை ஆறு மணி.
வாரம் இரண்டு நாள்.

வேளச்சேரி வீட்டில் தண்ணீர் புகுந்த வருஷம்
முழங்கால் ஆழத்துக்கே
கட்டில் மேல் ஏறி நின்று
என் பெயரைச் சொல்லி அலறியவன்.
படகில் ஏற்றி இறக்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை.
பீச்சுக்குப் போனால்
அலைக்கு முதுகைக் காட்டித்தான் சுண்டல் தின்பான்.
நாற்பத்து நான்கு வயதில்
யார் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினானோ.
பிடிக்காமலேகூட இறங்கியிருக்கலாம்.

புதிய தோற்றம் எப்படி இருக்கிறது என்று
செயலி கேட்கிறது.
ஐந்து நட்சத்திரங்கள் காலி வயிற்றோடு நிற்கின்றன.
எழுதினேன்:
பெயரைக் கட்டத்துக்குள் திருப்பி வையுங்கள்.
கோடு போடுங்கள்.
எல்லாரையும் ஒரே நிறமாக்காதீர்கள்.
இரண்டு கொடுத்தேன்.
அப்புறம் மூன்றாக்கினேன்.
ஏன் என்று கேட்ட பெட்டியில் எதுவும் எழுதவில்லை.

டிக்கை எடுக்க முன்பு ஒரு தட்டு போதும்.
இப்போது மெனு, அதற்குள் பல்சக்கரம்,
அதற்குள் பட்டியல், அதில் கீழே, கீழே.
சோம்பலில் விட்டுவிட்டேன் என்றே
வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழன் ஐந்து ஐம்பதுக்குத்
தலையணைக்கடியில் அதிர்கிறது:
நீச்சல், இன்னும் பத்து நிமிடத்தில்.
எழுந்து செருப்பைத் தேடிக் கீழே இறங்கி
மோட்டார் போடுவதற்கு முன்
சம்ப் மூடியைத் தூக்கி டார்ச் அடிக்கிறேன்.
முழங்கால் அளவு இருக்கிறது.